அண்ணாச்சி இறங்காத ஆறு

தண்ணீருக்கு நான் பயப்படுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவனைத் தாமிரவருணியின் குறுக்குத்துறைப் படியிலிருந்தே ஆற்றுக்குள் தள்ளிவிட்டிருப்பேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து காலைக் குளியல் எனக்கு ஆற்றில்தான். சளி பிடித்தாலும் ஆறு, வீட்டில் கல்யாணம் என்றாலும் ஆறு. வெள்ளம் வந்து ஆற்றுக்குள் இருக்கிற முருகன் கோயில் மூழ்கிக் கிடக்கும் நாட்களில் மட்டும் வீட்டுக் குழாயடியில் குளிப்பேன். அன்று முழுவதும் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். அப்படிப்பட்டவனுக்கு இப்போது எவர்சில்வர் டம்ளரைத் தொடுவதற்கே பயம்.

படித்துறையில் நாங்கள் மூன்று பேர். நான் பேட்டையில் கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு டவுனில் பலசரக்குக் கடை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மூன்றாவது ஆள் பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் இரண்டு பேர் சண்டைக்கும் நடுவர். அண்ணாச்சி கேலி செய்யாத ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. நான் மெலிய ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். "என்னவே, இடுப்புல துண்டு நிக்க மாட்டேங்கு? இந்த வயசுல காதலா?" என்றார். அதற்கு முன்பே முதுகுவலி வந்திருந்தது. நாள் முழுக்கக் குனிந்து வெல்டிங் வைக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். பிறகு, எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் இல்லாத சர்க்கரை திடீரென்று வந்தது. அதற்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டருக்கு ஏதோ உறுத்தியது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

கணையத்தில் கட்டி. புற்றுநோய். கணையம் என்று ஒன்று எனக்குள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். கட்டி பக்கத்து ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இப்போது அறுக்க முடியாது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், சுருங்கி விலகினால் அறுத்து எடுக்கலாம் என்றார் பெரிய டாக்டர். விலகாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு பேரும் டீ குடித்தோம். கிளாஸ் காலியான பிறகும் நான் அதையே உறிஞ்சிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பார்க்காதவள் போல ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். பட்டறையில் ஒருமுறை கேஸ் சிலிண்டரில் தீப்பிடித்தபோது நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். அந்தப் பயம் கால்களை ஓட வைக்கும். இந்தப் பயம் கால்களைக் கட்டிப்போட்டுவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே அடங்கிக் கிடக்கிற நேரத்தில், பட்டப்பகலில், வயிற்றில் சின்னதாக ஒரு வலி எழும்பும். வாயுதான் என்று ஒரு மனசு சொல்லும். பரவிவிட்டது என்று இன்னொரு மனசு சொல்லும். எதை நம்புவது? கதவைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் அப்படியே நிற்பேன்.

மருந்து ஏற்றுவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு குமிழை வைத்துத் தைத்திருந்தார்கள். பகலெல்லாம் அதன் வழியாக ஏற்றுவார்கள். மிச்ச மருந்தை ஒரு சின்னப் புட்டியில் அடைத்து, இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்கித் தீருகிற வரைக்கும் என்னோடுதான் படுக்கும், என்னோடுதான் எழும்பும். முதல் தடவையே நர்ஸம்மா சொன்னார்: "சில்லுன்னு எதையும் தொடாதீங்க சார். குடிக்கவும் கூடாது. இந்த மருந்துக்கு அது ஆகாது." திருநெல்வேலியில் எது சில்லென்று இருக்கிறது என்று நான் அலட்சியமாகத் தலையாட்டினேன்.

அது மார்கழி. அடுத்த வாரம் பிடிவாதமாகப் பட்டறைக்குப் போனேன். விடிகாலைப் பனியில் வெளியே கிடந்த ஒரு கேட்டை நகர்த்தலாம் என்று கை வைத்தேன். கரண்ட் அடித்தது போல விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுண்டி இழுத்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட இரும்பு! அதைத் தொட முடியாமல் நடு ரோட்டில் நின்று அழுதேன். வீட்டில் என் மனைவி பழைய வேட்டியைக் கிழித்துக் குழாய்க்கும் ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கும் சுற்றினாள். டம்ளரை வெந்நீரில் முக்கி எடுத்துத்தான் கையில் தருவாள். ஆற்றுக்குப் போவது அதோடு நின்றது.

பார்க்க வருகிறவர்கள் வேறு. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து உட்காருவார்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதே எடத்துலதான். நல்லாத்தான் இருந்தாவ..." என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் முழுங்குவார்கள். ஒரு ஆளிடம் நான் கத்தியேவிட்டேன். "ஏன்வே நிப்பாட்டிட்டீரு? எப்ப செத்தாருங்கதையும் சொல்லிட்டுப் போரும்!" அதற்கப்புறம் யார் வந்தாலும் "தூங்குதாவ" என்று சொல்லி அனுப்பும்படி மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

அண்ணாச்சிக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லவில்லை. கடையைப் பையனிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். படித்துறையில் யார் வழுக்கி விழுந்தார், யாருடைய சோப்பை ஆறு கொண்டுபோனது, இதுதான் பேச்சு. "எனக்கெல்லாம் கணையம் இருக்கான்னே தெரியல. இருந்தா பாதி வெட்டித் தாரேன், வச்சுக்கிடும்" என்பார். அவர் இருக்கிற அந்த ஒரு மணி நேரம் வயிற்றுக்குள் காது கொடுத்துக்கொண்டிருக்காமல் இருப்பேன். அவர் எழுந்து போனதும் பயம் அவருடைய நாற்காலியில் வந்து உட்காரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். கையில் பித்தளைச் செம்பு நிறைய ஆற்றுத் தண்ணீர்.

"ஆத்து வாசனை படாமத்தான்வே நீரு வாடிப் போய்க் கெடக்கீரு. நடு ஆத்துல ஓட்டத்துல மோந்தது. தாமிரவருணித் தண்ணிக்கு மிஞ்சின மருந்தை எந்த டாக்டரு வச்சிருக்கான்? ஒரு மடக்குக் குடியும்."

என் மனைவி அடுக்களையில் இருந்தாள். புட்டியைக் கழற்றி ஒரு நாள்கூட ஆகவில்லை. சில்லென்று எதையும் குடிக்கக் கூடாது என்று அண்ணாச்சியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியும்தான். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வேறு எதுவும் நினைவில் இல்லை. துண்டால் பிடித்துச் செம்பைச் சாய்த்து மடக்கென்று குடித்தேன்.

தொண்டை பூட்டிக்கொண்டது. மூச்சு உள்ளே போகிறதா என்றே தெரியவில்லை. கண்ணாடித் தூளை விழுங்கியது போலக் கழுத்தெல்லாம் குத்தியது. அவ்வளவுதான், முடிந்தது, இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். "ஏலே! ஏலே! என்னைப் பாருலே!" என்று அண்ணாச்சி கத்தியது எங்கேயோ கேட்டது. மனைவி ஓடிவந்து வெந்நீரை வாயில் ஊற்றினாள், கழுத்தில் கம்பளியைச் சுற்றினாள், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "அடைச்ச மாதிரித்தான் இருக்கும், மூச்சுப் போயிட்டுதான் இருக்கும், பயப்படாதீங்க. பைய மூச்சு விடச் சொல்லுங்க, குறையலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸம்மா. கொஞ்ச நேரத்தில் பூட்டு விட்டது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கொடுத்ததற்கு நர்ஸம்மாவிடமிருந்து போனிலேயே தனியாக வசவும் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். செம்பு உருண்டு கிடக்கிறது, தரையெல்லாம் தண்ணீர். அந்த மனுஷன் முகத்தில் கேலி இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான்லா கொன்னுருப்பேன்" என்றார். அப்படியே படியிறங்கிப் போனார். செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட இல்லை. அது எங்கள் வாசலிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சாயங்காலமானால் தெருவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். பால்காரனாக இருக்கும். போன் செய்தால் எடுக்கவில்லை. நாற்காலியில் பயம் நாள் முழுக்கச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. இனி மருந்து ஏற்றப் போவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"என்ன சொல்லுதிய? பாதியில விடவா?"

"ஒரு வாய் தண்ணி குடிக்கப் பயந்து வாழுதது ஒரு வாழ்வா? வேண்டாம். போதும்."

கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் அது கோபம் இல்லை. மருந்து ஏற்றினால் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் எடுத்தால் கட்டி ரத்தக்குழாயை விட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும், சண்டை போடவில்லை. "அப்ப நான் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டாள்.

மருந்து ஏற்ற வேண்டிய நாள் காலையில் வாத்தியார் வந்து நின்றார். மனைவிதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டீராம்லா?"

"ஆமா. புத்தி சொல்ல வந்தீருன்னா இப்படியே திரும்பிரும்."

"நான் எதுக்குவே சொல்லுதேன்? அண்ணாச்சிட்டப் போய் விஷயத்தைச் சொல்லிருதேன். பாவம், அவரு இனி ஆத்துல குளிச்ச மாதிரிதான்."

என்ன என்று கேட்டேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த அன்றிலிருந்து அண்ணாச்சி ஆற்றில் இறங்கவே இல்லையாம். தினமும் வருகிறாராம், மேல்படியில் உட்காருகிறாராம், நனையாத துண்டோடு வீட்டுக்குப் போய் ஹீட்டர் தண்ணீரில் குளிக்கிறாராம். "'அவன் வந்து இறங்குத அன்னைக்குத்தான் நானும் இறங்குவேன், முருகன்ட்டச் சொல்லிட்டேன்'ங்காரு" என்றார் வாத்தியார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! யாரைக் கேட்டு இந்த மனுஷன் நேர்ந்துகொண்டார்? என் உயிரைச் சுமப்பதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. இதில் அவருடைய குளியலையும் என் தலையில் கட்டுகிறாரா? ஸ்வெட்டர், மப்ளர், கையுறை, காலுறை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாத்தியாரின் ஸ்கூட்டரில் ஏறினேன். வயக்காட்டுக் காற்று முகத்தில் ஊசியாகக் குத்தியது. குத்தட்டும் என்று இருந்தேன்.

படித்துறையில் பலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மேல்படியில், மடித்த துண்டு தோளில் கிடக்க உட்கார்ந்திருந்தார். வாத்தியார் வேட்டியைக் களைந்துவிட்டுத் தண்ணீருக்குள் போனார். நான் செருப்பை அண்ணாச்சியின் காலடியில் போட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை? நான் கேட்டனா?"

"நீரு எதுக்குக் கேக்கணும்? நான் முருகன்ட்டல்லா சொன்னேன்."

"ஹீட்டர் தண்ணி எப்படி இருக்கு?"

"சவம், கோழியை அவிக்க மாதிரி இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"நான் செத்துப்போனா என்ன செய்வீய? கருப்பந்துறையில கொண்டுபோய் எரிச்சிட்டு, வந்தவன் எல்லாரும் ஆத்துல முங்கித்தானே வீட்டுக்குப் போவணும்? அன்னைக்கு இறங்குவியளா, மாட்டியளா?"

சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வாத்தியார் கழுத்தளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றார். அண்ணாச்சி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தாம்லே பயந்து கெடக்கேன்" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. "எனக்கும் பயமா இருக்கு அண்ணாச்சி" என்றேன். "ரொம்பப் பயமா இருக்கு." சொல்லச் சொல்ல மூக்கும் கண்ணும் ஒழுகின. மப்ளரில் துடைத்துக்கொண்டேன். அண்ணாச்சி கையுறை போட்ட என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எந்திலே, ஊசிக்கு நேரமாவுது. நானும் வாரேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவர்தான் கூட வருகிறார். வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற நர்ஸம்மாக்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். எனக்குத் தருவதற்கு முன்னால் தன் முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, ஆனால் குழாயை இன்னும் விடவில்லை, மேலும் சில தடவை ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அடுத்த ஸ்கேன் வருகிற வாரம்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்குக் காலையிலும் வயிற்றைத் தடவிக்கொண்டுதான் எழுந்தேன். உடம்பு இடம் கொடுக்கிற நாட்களில் வாத்தியாரின் ஸ்கூட்டரில் படித்துறைக்குப் போகிறேன். அவர் முங்கிக் குளிப்பதை நானும் அண்ணாச்சியும் மேல்படியில் உட்கார்ந்து பார்ப்போம். குளிக்காமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் இரண்டு பேரையும் ஆற்றுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். நான் சிரித்துக்கொண்டே அவர் தோளில் கிடக்கும் துண்டைப் பார்ப்பேன். மடிப்புக் கலையாமல், காய்ந்துபோய்க் கிடக்கும். நான் பக்கத்தில் இல்லாத ஒரு நாளில், கருப்பந்துறையிலிருந்து திரும்புகிற வழியில், அது நனைந்துவிடக் கூடாது. இப்போது எனக்குள்ள பயமெல்லாம் அதுதான்.