நான்குக்கு மேல் இடமில்லை

இது கற்பனையில்லை. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜோக்குகள் படிக்கப் போகலாம். ஓசூரில் அந்தத் தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது, அதனால் பெயர் சொல்ல மாட்டேன். பேய் என்றால் நள்ளிரவு என்று நினைப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 1992, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

நான் சூசை, அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கம்ப்யூட்டர் என்றால் இரண்டு பீரோ அளவு. குளிரூட்டிய அறை, ஒரே கதவு, கதவில் மட்டும் கண்ணாடி. இயந்திரம் ஒன்றுதான் என்றாலும் அதில் ஓடும் சாஃப்ட்வேர் அதை நான்காகப் பங்கு போட்டுக் கொடுக்கும். கணக்கு, சம்பளம், உற்பத்தி, ஸ்டோர்ஸ் என ஒவ்வொரு பிரிவும் தனக்குத் தனிக் கம்ப்யூட்டர் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மொத்த மெமரி பதினாறு மெகாபைட். பங்குக்கு நான்கு. ஐந்தாவது பங்கு கேட்டால் 'இடமில்லை' என்று மறுத்துவிடும். அதன் வரம்பு அவ்வளவுதான்.

ஸ்டோர்ஸ் பங்கை உருவாக்கியவள் ஜெயசெல்வி, என்னோடு வேலை பார்த்தவள். அதற்குச் 'செல்வி' என்றே பெயர் வைத்திருந்தாள். நான்கு மாதம் முன்பு அந்த அறையிலேயே செத்துப்போனாள். கேபிள் புகைந்ததாம். தீயணைக்கும் கேஸ் தானாகத் திறந்துகொண்டதாம். கதவைத் திறப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டதாம். எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் போன பிறகும் 'செல்வி' ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மேனேஜர் ராஜப்பன் என்னை வரச் சொல்லியிருந்தார். கிருஷ்ணகிரியில் புது யூனிட் திறக்கிறார்கள், திங்கள் காலைக்குள் அதற்கு ஒரு பங்கு வேண்டும்.

கேட்டில் வாட்ச்மேன் திம்மப்பன் சிரித்தார். "ஞாயித்துக்கெழமகூட வந்துட்டாரா உங்க ஆளு? வூட்ல சோறு போட மாட்டாங்களா சூச?"

"சோறு போடுவாங்கண்ணே. திட்டுறதுக்கு ஆள் வேணும்ல."

உள்ளே ராஜப்பன் காத்திருந்தார்.

"செல்விய எடுத்துடு. ஸ்டோர்ஸ் வேலய கணக்குல சேத்தாச்சு."

"சார், அந்தப் புள்ள செஞ்சது... வேற ஏதாவது..."

"செத்தவளுக்கு எதுக்குப்பா மெமரி? எடு."

எடுத்தேன். மணி 2.40. புதுப் பங்கு போட்டு 'கிரி' என்று பெயர் கொடுத்தேன். பட்டியலைத் திரையில் வரவழைத்தேன்.

ஐந்து வரிகள்.

கடைசி வரி... செல்வி.

"அஞ்சு எப்பிடி வரும்? இங்க நோடுப்பா, நீ சரியா எடுக்கல." பாதி கன்னடத்தில் சொல்லியபடி ராஜப்பன் திரையைக் காட்டினார்.

மறுபடி நீக்கினேன். 'நீக்கப்பட்டது' என்று பதில் வந்தது. பட்டியலில் செல்வி இருந்தது. இப்போது நான்கு மெகாபைட் இல்லை. எட்டு.

ராஜப்பன் என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே தட்டினார். நீக்கினார்.

பன்னிரண்டு.

கணக்கு நின்றது. சம்பளம் நின்றது. உற்பத்தி நின்றது.

"என்னப்பா விளையாடற நீ?"

"நான் கீபோர்டத் தொடவே இல்ல சார்."

அவர் இன்னொரு முறை நீக்கினார். பதினாறு. இயந்திரம் முழுவதும் செல்வி.

அதோடு நிற்கவில்லை. பதினேழு... பதினெட்டு... இருபது...

இருப்பதே பதினாறுதான். மீதியை எங்கிருந்து எடுக்கிறது?

ஏ.சி.யின் இரைச்சல் இறங்கியது. விளக்குகள் மங்கின. மூச்சை இழுத்தேன்.

பாதிதான் வந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

மூலையிலிருந்து அந்தச் சத்தம். கதவுக்கு ஓடினேன். கைப்பிடி அசையவில்லை. ராஜப்பனும் வந்து இழுத்தார். திரும்பிப் பார்த்தேன். திரை காலியாகி, ஆங்கிலத்தில் இரண்டே வரிகள்.

உள்ளே இருப்பவர்கள்: மூன்று.

வரம்பு: இரண்டு.

நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

க்ளிக்.

கதவு திறந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த நான் வெளியே விழுந்தேன். ராஜப்பன் ஒரு எட்டு வைத்தார்.

கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தனக்குப் பக்கத்தில்... வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"பேடம்மா... பேடம்மா..." வேண்டாம்மா என்று தன் தாய்மொழியான கன்னடத்தில் கெஞ்சினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

பிறகு அவர் குரல் இல்லை.

என் கூச்சல் கேட்டுத் திம்மப்பன் கடப்பாரையோடு ஓடிவந்து கதவை நெம்பியபோது மணி 3.05. ராஜப்பன் தரையில் கிடந்தார். உதடுகள் நீலம். திரையில் பழையபடி நான்கு பங்குகள், நான்கு நான்கு மெகாபைட்.

செல்வி இருந்தது. கிரி இல்லை.

கேஸ் மூச்சை அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். எந்த கேஸ்? ஜெயசெல்வி செத்த அன்றே காலியான சிலிண்டர்கள் பெங்களூருக்குப் போய்விட்டன. அன்றுவரை அந்த அறையில் ஒன்றுகூட இல்லை.

ஒரு மாதம் கழித்துப் புதுச் சிலிண்டர்களோடு மெக்கானிக் வந்தார். கரியப்பன் என்று பெயர். அவரிடம் கேட்டேன்.

"போன தடவ இது எப்பிடிண்ணே தானாத் தெறந்துச்சு?"

"தானாவா? யாரு சொன்னது? இதுல அந்த வசதியே கெடயாது தம்பி. வெளிய லிவர் இருக்குது. அத ஆளு புடிச்சி இழுக்கணும்."

காட்டச் சொன்னேன். எதிரே இருந்த ராஜப்பன் அறைக்குக் கூட்டிப்போனார். அந்த அறைச் சாவி ராஜப்பன் உயிரோடு இருந்தவரை அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், சிவப்பு லிவர்.

அதைப் பிடித்தபடி நின்று பார்த்தேன்.

நேர் எதிரே கதவுக் கண்ணாடி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் அங்கிருந்து நன்றாகவே தெரியும்.