நண்டோடு நிற்கும் தங்கச்சி

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் படம் வரைகிறேன். இறந்துபோனவர்களின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பார்த்துப் பெரிதாக வரைந்து தருவேன். போன ஆடியில் ஓர் அக்கா வெறுங்கையோடு வந்தார். ஏரிக்கரை இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும்.

"என் தங்கச்சிய வரையணும்மா. போட்டோ கெடையாது. என் மூஞ்சிய பாத்துக்கினே போட முடியுமா?"

சின்ன வயதில் தங்கச்சியைப் படிக்கவைக்கிறோம் என்று யாரோ வந்து எங்கோ தூரத்து விடுதிப் பள்ளிக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். பொங்கலுக்குக் கூட்டிவர அப்பா போனபோது, காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று சொல்லி, கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேட்டைக் காட்டினார்களாம்.

சீருடையும் ரெட்டைச் சடையில் ரிப்பனுமாக, அடக்கமான ஒரு சிறுமியை வரைந்து காட்டினேன். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அவளுதுதான். ஆனா இது அவ இல்லம்மா. அங்க போனதும் முடிய ஒட்ட வெட்டிட்டாங்களாம். இந்த சட்டையும் அவங்க குடுத்ததுதான? எங்ககிட்ட இருந்தப்ப எப்பிடி இருந்தாளோ அப்பிடிப் போடு."

"எப்படி இருப்பாங்கக்கா?"

"தலைய வாரவே வுடமாட்டா. ஏரியில எறங்கி நண்டு புடிச்சிக்கினு ஓடியாருவா, மூஞ்செல்லாம் சேறு. முன்பல்லு ரெண்டும் இல்ல, ஆனா வாய மூடவே மாட்டா!"

சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது அவர் கண்கள் சுருங்கிய விதத்தை அப்படியே தாளில் பிடித்தேன். அதன்பின் ஞாயிறுதோறும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "நெத்தி இன்னும் கொஞ்சம் ஏறட்டும்", "நண்டு சின்னதா இருக்குதே" என்பார். நானும் அழித்து அழித்து வரைந்தேன். அந்த ஞாயிறுகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

முடிந்த படத்தை நானே ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். அக்கா அதற்கு மாலை போடவில்லை, பொட்டும் வைக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் மாட்டினார். தெருப் பிள்ளைகள் எட்டிப்பார்த்து, "யாரு இது?" என்றார்கள்.

"உங்க சின்னாயி, என் தங்கச்சி. எவ்ளோ பெரிய நண்டு புடிச்சிருக்கா பாரு."

"நான் இத்தவிட பெருசு புடிப்பேன்!" என்றாள் ஒரு சிறுமி.

அக்கா என்னைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. விரால் குழம்பு, காரம் தூக்கலாக இருந்தது. இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.