அக்கா சொன்ன ‘அவரு’

மீன்சுருட்டியிலிருந்து ஒரு வாசகர் என் குடும்பத்தில் குண்டு வைத்துவிட்டார். பாவம், வைத்தது அவருக்கே தெரியாது.

மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு டிவி காமெடித் தொடரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அறுபதைத் தாண்டிய மூன்று பெண்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். அதில் ஒரு அம்மாவுக்குக் காதல் வருகிறது. அந்த மனிதர் வீட்டுக்கு வந்து, ரிப்பேரான மிக்ஸியைப் பிரித்து மாட்டி, ‘இப்ப ஓட்டிப் பாருங்க’ என்று சொல்லும் காட்சியை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தேன். ‘இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? யாருக்குப் பயப்பட வேண்டும்?’ என்று வீராவேசமாக வேறு முடித்திருந்தேன். பாராட்டுகள் குவிந்தன. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

மீன்சுருட்டி வாசகர் மட்டும் இப்படிக் கேட்டிருந்தார்: ‘சார், நானும் என் மனைவியும் ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறோம். மிக்ஸி காட்சி எப்போது வந்தது? அந்த வீட்டில் மிக்ஸியே கிடையாதே?’

மிக்ஸியே கிடையாதா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. பெரம்பலூரில் எங்கள் தெருவில் கேபிள் படுத்து இரண்டு மாதமாகிறது. வாராவாரம் போனில் கதை சொன்னது என் அக்கா. விக்கிரமங்கலம் பக்கம் கிராம நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். வயது அறுபத்து மூன்று. அவர் கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. அரியலூர் டவுனில் தன் வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தொடர் முடிந்ததும் போன் வரும்.

“டேய், இன்னிக்கு அவரு வந்தாரு.”

“வந்துட்டாரா! அப்பறம்?”

“வாசல்லயே நின்னாரு. உள்ள வாங்கன்னதும் செருப்ப கழட்டிட்டு வந்தாரு. மிக்ஸி ஓடலன்னதும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கான்னு கேட்டாரு.”

எங்கள் பக்கத்தில் பெண்கள் மனதுக்கு வேண்டியவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘அவரு’தான். தொடரில் வரும் அம்மாவும் ‘அவரு’ என்றே சொல்கிறார். இதில் எந்த ‘அவரு’ எந்த வீட்டுக்கு வந்தார் என்று நான் என்ன கண்டேன்?

அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, சீரியல்ல அவரு மிக்ஸி ரிப்பேர் பண்ணுனாருல்ல, அது எந்த வாரம்?”



“சீரியலா? அது நம்ம வூட்டு மிக்ஸிடா!”

‘தெரியும்க்கா, சும்மா கேட்டேன்’ என்று சமாளித்துப் போனை வைத்தேன். என் சொந்த அக்காவின் காதலை, சீரியல் கதை என்று நினைத்து, ஊருக்கே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்... அதுவும் பாராட்டி!

ஞாயிறு காலை முதல் வேலையாக அரியலூர் பஸ் பிடித்தேன். போகும் வழியெல்லாம் கோபம். யார் அந்த ஆள்? இந்த வயதில் இதென்ன கூத்து? (ஆம், வாசகர்களே. அதே நான்தான்.)

அக்கா கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹாலில் என் கட்டுரை. கத்தரித்து, சிவப்பு பேனாவால் கோடு போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்.

“பேரு போடாம, சீரியல் கதைன்னு சொல்லி எவ்வளவு பக்குவமா எழுதிட்ட! யாருன்னு நீ ஒரு தடவகூட கேக்கல. தம்பி புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். படிச்சிட்டு அழுதுட்டேன்டா.”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்றா?

‘அவரு’ சிமெண்ட் ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்து ரிடையர் ஆனவராம். மனைவி இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் காலை வாக்கிங் போகும்போது பழக்கமாம். 

“ஊரு என்னக்கா பேசும்?” என்றேன்.

அக்கா சட்டத்தில் சிவப்புக் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். ‘யாருக்குப் பயப்பட வேண்டும்?’

சரி, எழுதித் தொலைத்தாயிற்று. இனி பெருந்தன்மைதான் ஒரே வழி.

“போவுதுக்கா. பொறந்த வூட்டு சார்பா நானே முன்ன நின்னு நடத்துறேன். ஒரு கோயில்ல வச்சு...”

“எத நடத்தப் போற?”

“கல்யாணத்த.”

“கல்யாணம் வேணும்னு நான் சொன்னனா?” அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ரசம் ஆறிடுச்சு, உப்பு தூக்கல்னு முப்பது வருஷம் கேட்டாச்சு. அவரு வூட்டுல அவரு, என் வூட்டுல நான். ஞாயித்துக்கெழம சாப்புட வருவாரு, பேசிக்கிட்டு இருப்போம், கெளம்பிடுவாரு. அவ்வளவுதான்டா.”

முதல் அதிர்ச்சியே தேவலை! கல்யாணம் என்றால்கூட ஊருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. கல்யாணம் வேண்டாம், ஆனால் ஆள் வேண்டும் என்றால்? டிவி பெட்டிக்குள் இருக்கிறவரை எல்லோருடைய அக்காவும் சுதந்திரமாக இருக்கலாம். நாம் சோபாவில் உட்கார்ந்து கை தட்டுவோம். நம் அக்கா என்றால் மட்டும் சோபா முள்ளாகக் குத்துகிறது.

அப்போதுதான் அக்காவின் குரல் இறங்கியது. பதினைந்து நாளைக்கு முன் சென்னையிலிருந்து அவர் மகன் வந்திருக்கிறான். அன்றைக்கு ‘அவரு’ம் வந்திருக்கிறார். மகன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ‘இன்னொரு நாள் வரேங்க’ என்று போய்விட்டாராம். போன வாரம் வரவேயில்லை. மகனோ, வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கு வா என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

“கெஞ்சிக் கூத்தாடி இன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன். எம்புள்ள சொல்லல. நீயும் சொல்லலன்னா இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாரு. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுடா. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்.”

நம் வீடுகளில் இந்த ஒரு வார்த்தையால் அறுந்த உறவுகள் எத்தனை! பத்து வருடமாகப் பேசாத பங்காளியைக் கேட்டுப் பாருங்கள். ‘வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க’ என்றுதான் ஆரம்பிப்பார். அக்கா நூறு முறை சொல்லலாம். ஆனால் அக்காவின் மனிதர்கள் சொன்னால்தான் அது ‘வாங்க’.

பன்னிரண்டு மணிக்கு காலிங்பெல் அடித்தது. வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு பூவம்பழம். அந்த மனிதர் அக்காவைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை. கிச்சன் வாசலில் அக்கா கரண்டியோடு நின்றார். வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

 எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது! அந்த மனிதரின் கால் ஓர் அடி பின்னால் போவதைப் பார்த்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை.

“வாங்க!” என்றேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கியது. இறங்கிய வேகத்தில், “உள்ள வாங்க மாமா!” என்றும் சொல்லிவிட்டேன்.

“டேய்! வாங்க மட்டுந்தான் சொல்லச் சொன்னேன். மாமான்னு ஒன்ன யாரு கூப்புடச் சொன்னா?” என்றார் அக்கா.

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். செருப்பைக் கழற்றினார். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான்... யாரும் மூச்சு விடவில்லை.

இந்தமுறை அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சென்னையில் ஒருவன் இதைப் படிப்பான் என்றும் தெரியும். மாப்பிள்ளை, அடுத்த தடவை அரியலூர் போகும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு. அதற்கு மேல் எதையாவது சேர்த்தாயோ... அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாய்!