மூன்றாவது மோட்டார்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் மருந்துக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மருத்துவரின் கோழிக் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் மூட மாட்டார். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்தபடியே ஊர்க்கதை பேசிச் சிரிக்கவைப்பார். கதவு திறந்ததும், "பாதிக் கதையில இறக்கி விட்டுட்டீங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தப்பியது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "நாளைக்கு". தாகம் எடுத்தாலும் நாளைக்கு, கோபம் வந்தாலும் நாளைக்கு. ஆமாம் என்று தலையாட்டுவார், இல்லை என்று அர்த்தமாக இருக்கும். கிறுக்கலைப் படித்தே பிழைப்பு நடத்தியவளுக்குச் சொந்தப் புருஷனைப் படிக்கத் தெரியவில்லை.

பின்அறையில் அவர் கையாலேயே கட்டிய இயந்திரம் ஒன்று இருந்தது. சாப்பாட்டு மேசை அளவுக்கு ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் சுழலும் கத்தி. கணினி சொல்கிறபடி மூன்று மோட்டார்கள் அந்தக் கத்தியை இடமும் வலமும், முன்னும் பின்னும், மேலும் கீழுமாக நகர்த்தும். மரப்பலகையில் எழுத்தும் பூவும் செதுக்கும். பொழுதுபோக்குக்குச் செய்ததுதான். தெரிந்தவர்கள் வீட்டுக் கதவிலெல்லாம் அவர் செதுக்கிய பெயர்ப்பலகை தொங்கியது. "மூக்கைச் சிந்தினா மரத்தூளா வருது, இந்தச் சனியனை மூட்டை கட்டுங்க" என்று அவள் திட்டாத நாளில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "அவருக்குப் பழகின வேலை ஏதாவது இருந்தா கையில குடுங்கம்மா. அதைப் பிடிச்சுக்கிட்டே பேச்சு வந்தாலும் வரலாம்."

அன்றே அவரைக் கைத்தாங்கலாகப் பின்அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, பழைய கணினியைத் தட்டினாள். அது ஒருமுறை இருமிவிட்டு அடங்கிப்போனது.

கணினிக் கடைக்காரர் கையை விரித்தார். அவளிடம் இருந்த மடிக்கணினியிலோ, இயந்திரத்தின் அகலமான பல்வரிசைச் செருகியை மாட்ட ஓட்டையே இல்லை. அதற்கென்று ஒரு வயரை எடுத்துக் கொடுத்தார். "ஒரு முனை இதுல, இன்னொரு முனை அதுல. அச்சா பொருந்தும்க்கா."

பொருந்தத்தான் செய்தது. எதுவும் அசையவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, அது பிரிண்டருக்கு உள்ள வயரும்மா. மோட்டாருக்கு ஆகாது. மோட்டாரை ஓட்டற போர்டையே மாத்தணும்."

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்னார்: "பொருந்தும்னுதானேக்கா சொன்னேன், ஓடும்னா சொன்னேன்?"

மகள் ஒரு புது போர்டு அனுப்பிவைத்தாள். உள்ளங்கையளவுதான். மடிக்கணினியின் சின்ன வாயிலேயே அதை மாட்டலாம். ஆனால் மூன்று மோட்டார்களின் வயர்களையும் பழையதிலிருந்து கழற்றி இதில் பூட்ட வேண்டும். "கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கம்மா, நிறம் மாறிடாம" என்றாள் மகள். அவளும் எடுத்தாள். கழற்றி முடித்த பிறகு படத்தைப் பார்த்தால் அத்தனை வயரும் கறுப்பு. லிஃப்டில் மிஞ்சிய வயரைக் கொண்டுவந்து இழுத்திருந்தார் மனிதர். எந்த வயர் எங்கே போகும் என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

"ஏங்க, இதுவா?"

தலையாட்டினார்.

"அப்ப இது இல்லையா?"

அதற்கும் தலையாட்டினார்.

குத்துமதிப்பாகச் செருகித் திரையில் அம்புக்குறியை அழுத்தினாள். மோட்டார் உறுமியது, இருந்த இடத்திலேயே நடுங்கியது, சுழலவில்லை. "நாளைக்கு! நாளைக்கு!" என்று அவர் இடது கையை வீசினார். அவள் பதறிப்போய் மின்சாரத்தை அணைத்தாள். அவர் எட்டி, அவள் செருகியிருந்த வயர்களையெல்லாம் பிடுங்கினார்.

"கோச்சுக்காதீங்க. எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க? மாத்திரைப் பேரு கேட்டா சொல்லுவேன்."

ஆனால் அது கோபமில்லை. முதல் மோட்டாரின் நான்கு வயர்களில் இரண்டின் நுனிகளை இடது கை விரல்களால் ஒட்டிப்பிடித்துக்கொண்டு, மோட்டாரின் தண்டைக் கண்ணால் காட்டினார். அவள் தயங்கித் தயங்கித் திருகிப் பார்த்தாள். லேசாகச் சுழன்றது. அவர் ஒரு வயரை மாற்றிப் பிடித்தார். இப்போது தண்டு இறுகி, விரலை எதிர்த்து நின்றது. அவர் முகம் மலர்ந்தது. இறுகினால் அந்த இரண்டும் ஒரு ஜோடி, மிச்ச இரண்டும் இன்னொரு ஜோடி! சொல்லே இல்லாமல் அவளுக்குப் புரிந்துவிட்டது. அடைப்பு வந்த நாளிலிருந்து அவர் சொல்லி அவளுக்கு விளங்கிய முதல் விஷயம் அதுதான்.

முதல் மோட்டார் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. கத்தி இடமும் வலமுமாகப் போய்வந்தபோது அவள் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

மேலும் கீழும் நகர்த்தும் மூன்றாவது மோட்டாரில் ஒரு ஜோடிதான் இறுகியது. மிச்சமிருந்த இரண்டு வயர்களை எப்படிப் பிடித்தாலும் தண்டு வழுக்கிக்கொண்டு சுழன்றது. அவர் வயரைக் கீழே போட்டார். அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது.

"என்னங்க? வயரா? மோட்டாரா? வேற எதாவது வாங்கணுமா? விரலால காட்டுங்க போதும்."

"நாளைக்கு" என்றார். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டு, இடது கையால் தன் வாயில் அறைந்துகொண்டார். மறுபடி அறைவதற்குள் அவள் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். அவர் அழுதார். அவள் அழவில்லை, தரையிலேயே உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கும், மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று மகள் பிறகு கணித்துச் சொன்னாள். கடைக்காரர் வரவழைத்த மோட்டாரின் தண்டு பருமனாக இருந்தது, உள்ளே நுழையவில்லை. வேறு வாங்கிக்கொண்டு தானே வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு விடுப்புதான் கிடைத்தபாடில்லை. பேச்சுப் பயிற்சிப் பெண் வந்துபோகிறாள். புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை.

கத்தி தானாக இறங்கிவிடாமல் இருக்க, அவள் அதைச் சணல் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டியிருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் பின்அறையில் உட்காரவைத்து, மடிக்கணினியைத் திறந்துவைப்பாள். அவர் இடது கையால் அம்புக்குறியை அழுத்துவார். கத்தி அந்தரத்தில் இங்கும் அங்கும் போய்வரும். பலகையில் ஒரு கீறலும் விழாது. அது அவருக்கு ஆறுதலா சித்திரவதையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கடைக்கு நேரமாகிவிடும். தண்ணீர்ச் சொம்பை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு கிளம்புவாள்.