நாலாம் மாடிச் சிலுவைப் பாதை

பஸ் டிப்போவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மஞ்சள் விளக்கைப் பார்த்தால் மற்ற டிரைவர்களுக்குக் கால் பிரேக்கைத் தேடும். இவருக்கு மட்டும் ஆக்சிலேட்டரைத் தேடும். ஓடி வந்து கை காட்டுகிறவர்களுக்காக நிறுத்துவதென்றால் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முகம் சுருங்கிவிடும். ஒரே ஒரு நிறுத்தத்தில், காலை ஷிஃப்டில் மட்டும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி நிற்கும். அங்கே ஏறிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண்தான் பிறகு அவருக்கு மனைவியானாள்.

அவர் கத்தோலிக்கர், அவள் பௌத்தக் குடும்பத்துப் பெண். யாரும் யாரையும் மாற்றப் பார்க்கவில்லை. கூடத்துச் சுவரில் சிலுவை, அதற்குக் கீழே அலமாரியில் ஒரு சின்னப் புத்தர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எக்ஸ்பிரஸே விளக்கம் சொல்வார்: "மேல கஷ்டப்படுறாரு பாருங்க, அவரு என் பக்கம். கீழ நிம்மதியா கண்ண மூடிக்கிட்டு இருக்காரு பாருங்க, அவரு அவ பக்கம். எங்க குடும்ப நிலவரமே அவ்வளவுதான்."

மனைவி விடிந்ததும் கண்ணை மூடி உட்காருவாள். உட்கார்ந்து முடிந்ததும் நாலாம் மாடியின் நீண்ட நடைக்கூடத்துக்குப் போய் நடப்பாள். நடை என்றால் சாதாரண நடை இல்லை. ஒரு பாதத்தைத் தூக்குவது தெரிய வேண்டும், அது நகர்வது தெரிய வேண்டும், தரையில் வைப்பது தெரிய வேண்டும். நடைத் தியானமாம். காபிக் கோப்பையோடு கதவில் சாய்ந்துகொண்டு எக்ஸ்பிரஸ் வேடிக்கை பார்ப்பார்.

"ஏய் சாமியாரம்மா, இந்த ஸ்பீடுல வண்டி ஓட்டினா டிப்போல மெமோ குடுத்துடுவான்."

"நீங்க ஓட்டின ஸ்பீடுக்குத்தான் நிறைய குடுத்தாங்களே," என்பாள் அவள், பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓய்வு பெற்ற வருடமே, குளியலறையிலிருந்து வெளியே வரும்போது வலது கால் அவருடையதாக இல்லாமல் போனது. பக்கவாதம். பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது. "அது மட்டும் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம்" என்று மனைவி நர்ஸிடம் சொன்னாள். கையும் ஓரளவு வந்தது. கால் மட்டும் கட்டிலில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது.

இதற்குள் மகளின் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோவிலில் தேதியும் வாங்கியாகிவிட்டது. வாசலிலிருந்து பீடம் வரை அப்பா மகளின் கையைப் பிடித்து நடந்து போக வேண்டும். எக்ஸ்பிரஸ் இதை மகள் பிறந்த அன்றே மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டவர். தேதியைத் தள்ளிப் போடலாம் என்று மகள் சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் சக்கர நாற்காலியில் பூச் சுற்றி, தானே தள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

"பாப்பா, பூ வச்ச வண்டில நான் ஒரே ஒரு தடவதான் போவேன். அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவரும் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. பிசியோதெரபிப் பெண் நேர்மையானவள். முயன்று பார்க்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். "நீங்க ரொம்ப அவசரப்படுறீங்க சார். கால் வர்றதுக்கு முன்னாடி நீங்க போயிடுறீங்க. அதான் விழறீங்க."

மறுநாள் காலையில் மனைவி சக்கர நாற்காலியில் வைத்து அவரை நடைக்கூடத்தின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கைத்தடியைக் கையில் கொடுத்தாள்.

"இங்கேருந்து நம்ம வீட்டுக்கு நடந்து போறோம். நான் சொல்ற மாதிரி. தூக்கு. நகர்த்து. வை."

"உன் ஆமை ஓட்டமா? நான் உன் மதத்துக்கு வரல."

"கால்தான் வரணும். நீங்க வர வேண்டாம்."

மூன்று கதவு தாண்டுவதற்குள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் கதவடியில் முழங்கால் மடங்கி, நல்லவேளையாகப் பின்னால் வந்த நாற்காலியில் விழுந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தார். அடுத்த கதவைப் பார்த்தார். கடைசி வரை கண்ணாலேயே எண்ணிக்கொண்டு போனார். பன்னிரண்டு வீடு. பிறகு லிஃப்ட். அதற்குப் பிறகு குப்பை அறை.

"ஏம்மா, பதினாலு!"

"என்ன பதினாலு?"

"சிலுவைப் பாதை! ஆண்டவர் சிலுவையச் சுமந்து போன வழில பதினாலு நிலை. மூணாவது நிலைல அவரு மொத தடவ விழறாரு. நான் எங்க விழுந்தேன் பாரு!"

அன்றிலிருந்து இரண்டும் கலந்துவிட்டன. ஒவ்வொரு கதவும் ஒரு நிலை. கதவுக்குக் கதவு அவள் சொல்வது தூக்கு, நகர்த்து, வை. கதவு வந்ததும் அவர் நின்று, முணுமுணுத்து ஒரு மன்றாட்டு. ஏழாவதிலும் ஒன்பதாவதிலும் ஆண்டவர் மறுபடி விழுவதால் அந்த இரண்டு கதவடியிலும், மூன்றாவதிலும், கதவுக்கொரு மர நாற்காலி போட்டார்கள். அங்கே விழுவது தோல்வியில் சேராது. அது வழியில் உள்ளது. அந்த எண்ணம் வந்ததும் அவருக்குப் பாதி பயம் போனது. நினைவு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று மனைவி தன் தியானத்தைப் பற்றிச் சொல்லும்போது, "எங்காளு எழுந்தாரே, அதே கேஸ்தான்" என்பார். பன்னிரண்டாவது, ஆண்டவர் உயிர்விடும் நிலை, அவர்கள் வீட்டுக் கதவு. "சரியாத்தான் இருக்கு. என் உயிர் போறது இங்கதான்," என்று மனைவியை ஓரக்கண்ணால் பார்ப்பார். கடைசி நிலையான ஆண்டவரின் கல்லறை குப்பை அறையாகிவிட்டதில்தான் அவளுக்கு வருத்தம். "கொஞ்சம் மரியாதையான இடமா பாக்கக் கூடாதா?" என்றாள்.

அக்கம்பக்கத்தாரும் அறியாமலேயே பாத்திரமானார்கள். ஐந்தாம் கதவுக்காரன் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன், உடம்பு அலமாரி மாதிரி. அவசரமாக வேலைக்குக் கிளம்பியவனைப் பிடித்து, "தம்பி, இந்தத் தோள் கொஞ்சம்" என்று எக்ஸ்பிரஸ் சாய்ந்துகொண்டார். அப்படியே அவன், ஐந்தாம் நிலையில் சிலுவைக்குத் தோள் கொடுத்த சீரேன் ஊர் சீமோன் ஆனான். தினமும் லேட்டாகவும் போனான். ஆறாம் கதவைத் திறந்த தையல்காரம்மா, அவர் வியர்த்து நிற்பதைப் பார்த்து, கையிலிருந்த வெட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

எக்ஸ்பிரஸ் அப்படியே நின்றுவிட்டார். "அம்மா, உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"என்ன சொல்லணும்? வேர்த்து ஊத்துது, துடைச்சேன்."

"சும்மா இல்ல. ஆறாவது நிலை. ஒரு அம்மா வந்து ஆண்டவர் முகத்தத் துடைக்கிற இடம்," என்றார் மனைவியிடம். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல், "தூக்கு" என்றாள்.

முதல் கதவு குடியிருப்போர் சங்கச் செகரட்டரி வீடு. நடைக்கூடத்தில் கைப்பிடிக் கம்பி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததற்கு, தன் கையில் எதுவும் இல்லை, கமிட்டி கூடட்டும் என்று சொல்லிவிட்டார். ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்ட பிலாத்து அவர்தான். ரகசியத்தை ஜிம்காரன் ஒருநாள் லிஃப்டில் உளறிவிட்டான். செகரட்டரி நேரே வந்து நின்றார்.

"நான் என்ன சார் பாவம் செஞ்சேன்?"

"பாவமா? சேச்சே. நீங்க எதுவும் செய்யல. எதுவுமே செய்யல சார். அதான்."

கம்பி அந்த வாரமே வந்தது. ஒரு பக்கம் மட்டும்.

தேதி நெருங்கியபோது ஒருநாள் காலையில் கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. நாலாம் கதவடியில், நாற்காலி இல்லாத இடத்தில், அவர் தரையில் விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் கைத்தடியைச் சுவரில் வீசி அடித்தார். "போதும். பூவே சுத்தச் சொல்லு. முடியாது என்னால."

மனைவி தூக்கிவிட வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

"நிலை தப்பு," என்றாள்.

"என்னது?"

"மூணாவதுலதான விழணும்? இது நாலு. அவரு தன் அம்மாவைப் பாக்கற இடம். எனக்கே பாடமாயிடுச்சு, உங்களுக்குத் தெரியல."

அவர் சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிப் பார்த்தார். நடக்கவில்லை. வயிறு குலுங்கியது. அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரிக்கும் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"தடிய எடு," என்றார் அவர்.

கல்யாணத்தன்று நாலாம் மாடி மொத்தமும் கோவிலுக்கு வந்திருந்தது. செகரட்டரி, எதற்கும் இருக்கட்டும் என்று சக்கர நாற்காலியைத் தன் காரில் கொண்டுவந்து கடைசிச் சுவரோரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் அப்பா, இடது கையில் தடி, வலது கையில் மகள். ஆர்கன் தொடங்கியது. எக்ஸ்பிரஸ் கிளம்பினார்.

இருக்கை வரிசைகளைக் கதவுகளாக எண்ணிக்கொண்டார். மூன்றாம் வரிசை போனது. ஆறும் போனது. ஆர்கன்காரர் பாட்டை முடித்துவிட்டு எட்டிப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பாதி வழியில் வலது கால் நின்றுவிட்டது. தூக்கச் சொன்னார், கேட்கவில்லை. இங்கே மர நாற்காலி கிடையாது. முழங்கால் நடுங்குவது மகளின் கைக்குத் தெரிந்தது. "அப்பா, நாற்காலி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று கிசுகிசுத்தாள். ஆர்கனும் ஓய்ந்தது. பீடத்தருகே மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் எடுத்து வைத்துவிட்டுப் பின்வாங்கினான்.

முன் வரிசையில் மனைவி எழுந்து நின்றாள். கோவிலில் ஒருநாளும் வாய் திறக்காதவள், நடைக்கூடத்துக் குரலில், "தூக்கு," என்றாள்.

கால் எழுந்தது.

"நகர்த்து." இது ஜிம்காரன். தினமும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக் கேட்டு அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"வை," என்றார் தையல்காரம்மா.

பிறகு நாலாம் மாடி முழுக்கச் சேர்ந்துகொண்டது. தூக்கு, நகர்த்து, வை. சொல்லிப் பழகிய மன்றாட்டு மாதிரி தாழ்ந்த, சீரான குரல். மற்ற வரிசைகளில் இருந்தவர்கள் இது பூசையில் ஏதோ புதுப் பதிலுரை போலிருக்கிறது என்று தாங்களும் சொல்லத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து செகரட்டரியின் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது. எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நாலாம் கதவடியில் வந்த அதே சிரிப்பு. அது வந்ததும் நடுக்கம் விட்டது. சிரித்துக்கொண்டே நடந்தார். வரிசை வரிசையாக, ஒன்றையும் தாண்டிக் குதிக்காமல், பீடத்தடி வரை நடந்தார்.

கடைசி "வை"க்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் பாதிரியார், "ஆமென்" என்றார்.

மகள் முகத்திரைக்குள் கண்ணைத் துடைத்தாள். "அப்பா, உங்க சர்வீஸ்லயே மொத தடவையா லேட்டு."

"லேட் இல்ல பாப்பா. இன்னைக்குத்தான் எல்லா ஸ்டாப்லயும் நின்னு வந்திருக்கேன்."

மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டு, முன் வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் நேராகப் பீடத்தைப் பார்த்தபடியே, "நல்லா மூச்சு விட்டுக்குங்க. திரும்பவும் போகணும்," என்றாள்.

திரும்பவும் நடந்தேதான் போனார். பின்னால் செகரட்டரி தள்ளிக்கொண்டு வந்த சக்கர நாற்காலியில் தையல்காரம்மாவின் கைப்பையும், ஜிம்காரன் கழற்றிப் போட்ட கோட்டும், யாரோ கொடுத்த பெரிய பூங்கொத்தும் ஜம்மென்று உட்கார்ந்து வந்தன.