லண்டன் பறிபோன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நாலு பேரில் யாருக்கும் கடலோடு பழக்கம் கிடையாது. ஜவுளிக்கடை பாய் மட்டும் மெட்ராஸ் போனபோது ஒருமுறை கால் நனைத்திருக்கிறார். இருந்தும் எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல், ஞாயிறு மதியங்களில், கடத்தூரில் அவர் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து ஐரோப்பாவின் கடல்களை நாங்கள்தான் ஆண்டுகொண்டிருந்தோம்.

அந்த ஆட்டத்தை பாயின் தம்பி துபாயிலிருந்து கொண்டு வந்திருந்தார். பெட்டி மேலே போர்க்கப்பல் படம். உள்ளே விரித்தால் பாதிக் கட்டில் அகலத்துக்கு, முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் வரைபடம். கலர் கலராக மரத்துண்டுகள்: நீளமானது கப்பற்படை, சதுரமானது தரைப்படை. பகடை கிடையாது. உங்கள் நாட்டுப் படை எங்கே நகர வேண்டும் என்று ரகசியமாகச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எல்லாச் சீட்டையும் சேர்த்துத்தான் பிரிப்போம். அதற்கு முன்னால் கால் மணி நேரம் பேச்சுவார்த்தை. யாரோடும் கூட்டுச் சேரலாம், யாரையும் ஏமாற்றலாம். விதியிலேயே அப்படித்தான் இருந்தது. அதைத் தமிழில் எழுதியதே நான்தான்.

விதிப்புத்தகம் முழுக்க இங்கிலீஷ். பாய்க்கும் என் வீட்டுக்காரருக்கும் கால்நடை டாக்டருக்கும் அதைப் படிக்கப் பொறுமையில்லை. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த நான் ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்தேன். அப்புறமும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு நானே மாடியேறிப் போய், "எனக்கும் ஒரு நாடு குடுங்க" என்றேன்.

"டீச்சரம்மா இல்லாம இது நகராதுங்க" என்று பாய் சிரித்தபடி நாற்காலி போட்டார். யாரும் விரும்பாத இங்கிலாந்து எனக்கு வந்தது. அவரிடம் ரஷ்யா, டாக்டரிடம் ஜெர்மனி, என் வீட்டுக்காரரிடம் பிரான்ஸ்.

ஆடத் தொடங்கிய பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. பேச்சுவார்த்தை நேரத்தில் இரண்டிரண்டு பேராக மாடிப்படிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுவார்கள். அந்தப் படி கடைத்தெருவைப் பார்த்தது. நான் பாயோடோ டாக்டரோடோ அங்கே நின்று காதோடு காதாகப் பேசினால், ஜெர்மனி விழுவதற்கு முன்னால் என் பெயர் ஊரில் விழுந்துவிடும். அதனால் எனக்காகவும் என் வீட்டுக்காரரே போனார். போய்ப் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் குனிந்து, "ரஷ்யா இப்படிச் சொல்லுது, ஜெர்மனி அப்படிச் சொல்லுது" என்பார். என் தூதர் அவர்தான். நான் அதையெல்லாம் அப்படியே நம்பி என் சீட்டை எழுதுவேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. பென்னாகரம் தாண்டி ஏரியூரில் தலைமையாசிரியை. கடத்தூரிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். அங்கேயே வீடு பார்த்துத் தங்கினால்தான் உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு நம் பெயரைத் தொடமாட்டார்கள். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். "இந்தத் தடவ விட்டுடு. மூணு வருஷத்துக்குள்ள நானும் பென்னாகரம் பக்கம் மாத்தல் வாங்கிடறேன். ரெண்டு பேரும் ஒரே வூட்டுல இருந்துக்கிட்டுப் போலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்ற கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது.

அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. காலையில் நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு திட்டம் சொன்னார். என் கப்பல்கள் தரைப்படையை ஏற்றிக்கொண்டு, டாக்டர் பிடித்து வைத்திருந்த டென்மார்க்கில் இறங்க வேண்டும். அதே நேரத்தில் பாயின் ரஷ்யா கிழக்கிலிருந்து டாக்டரை அடிக்கும். பாய் ஒத்துக்கொண்டுவிட்டார்.

"லண்டன் காலியாக் கெடக்குமேங்க" என்றேன்.

"என் கப்பலு இங்கிலீஷ் கால்வாயிலயே காவலுக்கு நிக்கும். நான் இருக்கறப்ப உனக்கு என்ன பயம்?"

அவர் இதை மாடியில் சொல்லியிருந்தால் இரண்டு முறை யோசித்திருப்பேன். சொன்னது என் அடுப்படியில்.

மதியம் டப்பாவைத் திறந்து பாய்தான் படித்தார். முதலில் என் சீட்டு: இங்கிலாந்து டென்மார்க்கில் இறங்குகிறது. அடுத்து ஜெர்மனி: டென்மார்க்கைக் காக்கிறது. ரஷ்யா இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைசியாக பிரான்ஸ். பாய் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரான்ஸ் கப்பல், லண்டனுக்குள்ள."

நான் நிமிர்ந்து மூன்று முகங்களையும் பார்த்தேன். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அந்த அறையில் தெரியாதிருந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் காது மடலைச் சொறிந்துகொண்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர், "அண்ணன் மூணு வாரமா இதத்தான் சொல்லிட்டு இருந்தாருங்க" என்றார். பாய் மட்டும் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் டாக்டரை அடிக்கறேன்னு சொல்லவே இல்லீங்க டீச்சரம்மா" என்றார்.

அப்படியென்றால் மூன்று வாரமாக என் காதில் விழுந்த ரஷ்யாவும் ஜெர்மனியும் யார்? எல்லாம் அவரே கட்டிச் சொன்னது. ஆட்டத்தில் ஏமாற்றலாம், எனக்கும் தெரியும். ஆனால் நான் படியிறங்கிப் பேச முடியாதவள் என்று தெரிந்து, அந்தக் குறையையே பிடித்துக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார். சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

வீட்டுக்குப் போகும் வழியில், "வெளையாட்டுதான. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற" என்றார்.

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடறேன்னு டாக்டர் கிண்டல் பண்ணிட்டே இருந்தான்" என்றும் சொன்னார். அதுதான் காரணம். அந்தக் கிண்டல் நிற்பதற்கு என்னைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். ஏன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு மரத்துண்டு லண்டனுக்குள் வந்ததற்காகப் புருஷனை நம்பாமல் போனாள் என்றால் ஊர் சிரிக்கும். அப்போது எனக்கே அது சிரிப்பாகத்தான் பட்டது. ஆட்டம் வேறு, வீடு வேறு என்று வகுப்பெடுப்பது போல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு மட்டும் நான் போகவில்லை.

மூன்று வருஷமும் மாற்றலைப் பற்றி நான் கேட்பேன், அவர் அலுவலகத்திலிருந்து சேதி கொண்டு வருவார். "மனு குடுத்திருக்கேன், மேல போயிருக்கு." "எடம் காலியில்லயாம்." "அதிகாரி அடுத்த மாசம் பாக்கலாம்ங்கறாரு." அவருடைய அலுவலகப் படியும் நான் ஏறாத படிதான்.

மூன்றாம் வருஷம் பொங்கலுக்குத் துணி எடுக்க பாய் கடைக்குப் போனபோது அந்த அதிகாரியே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மரியாதைக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "எங்க வூட்டுக்காரரு மாத்தல் விஷயம் இந்த வருஷமாவது ஆகுங்களா?" என்றேன்.

"மாத்தலா? அவரு கேக்கவே இல்லியேம்மா" என்றார்.

சேலையை மடித்துக்கொண்டிருந்த பாயின் கை நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் அன்று வரைபடத்தைப் பார்த்தது போலவே சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நான் சண்டை போடவில்லை. கேட்டால் காது மடலைச் சொறிவார், ஏதாவது சொல்வார், நானும் கேட்டுக்கொள்வேன். அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் மறுபடி வந்ததும், சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆணை வந்த அன்று அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடியும் ஏரியூர்தான்.

அவர் இரண்டு முறை படித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். குரல் உடைந்திருந்தது. நிஜமாகவே வலித்திருக்க வேண்டும்.

"சீட்டைப் பிரிக்கற வரைக்கும் சொல்ல வேண்டியதில்லீங்க" என்றேன். "நோட்டுலயே எழுதியிருக்கேன்."

ஏரியூர் போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தர்மபுரி வரை வந்தார். பென்னாகரம் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி ஜன்னலோரம் நின்றார். "நானும் மாத்தலுக்கு எழுதறேன். இந்த வாரமே குடுத்துடறேன்" என்றார்.

சரிங்க என்றேன். பஸ் நகர்ந்தது. எழுதினாரா என்று அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.