முத்தாத்தாள் திட்டிய மூன்று தாள்

முத்தாத்தாளைக் கோபக்காரி என்பது அரைகுறை விவரம். பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே கோபக்காரிகளுக்குப் பஞ்சமில்லை. இவள் ஒருமுறை சொன்ன சொல்லை அதே சண்டையில் மறுபடி சொல்லமாட்டாள். அப்படிச் சொல்வதை இழுக்காகக் கருதினாள். எழுதப் படிக்கத் தெரியாது.

எழுபத்து நாலில், நெல் பால்பிடிக்கும் சமயத்தில், மேல்வயல் சென்னியப்பன் அவளுடைய முறைத் தண்ணீரை மடையடைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். முத்தாத்தாள் வரப்பில் நின்று உச்சிப்பொழுது வரை திட்டினாள். புல்லறுத்தவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கெட்ட வார்த்தை பேசினாள் என்று சென்னியப்பன் போலீசில் எழுதிக் கொடுத்தான்.

ஏட்டு முத்துசுவாமி கல்பாத்திக்காரர், சமாதானப் பிரியர். இருவரையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, மலையாளத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் தயாராக வைத்திருந்தார். அவள் கைநாட்டு வைத்தால் சென்னியப்பன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மடையைத் திறப்பான். இன்னும் இரண்டு நாள் போனால் பயிர் தேறாது.

“என்னங்க எழுதியிருக்குது?”

“கெட்ட வார்த்தை பேசினேன், இனிப் பேசமாட்டேன்னு.”

“எதுங்க கெட்டது? நான் பேசுனது அத்தனையும் நல்ல வார்த்தைங்க. எல்லாத்தையும் எழுதுங்க, அப்பறம் கைநாட்டு வெக்கறேன்.”

“பயிர் காயறதும்மா.”

“காயட்டுமுங்க.”

ஏட்டு எழுதினார். மூன்றாம் தாளில் பேனாவை நிறுத்தி, “கருக்காய், சாவி, எல்லாம் பதர்தானே? ஒண்ணா எழுதிண்டுட்டேன்” என்றார்.

“சோறு திங்கறவருதானுங்களே நீங்க? பதருல ஒண்ணுமே இருக்காது. கருக்காயில பாதி மணியாச்சும் இருக்கும். தண்ணியில்லாம கதிரோட வெளுத்துப் போறது சாவி. என்ற பயிரைச் சாவியாக்கறவனைச் சாவின்னேன். அடிச்சுப்போட்டுத் தனித்தனியா எழுதுங்க.”

அடித்து எழுதி, படித்துக் காட்டினார். அவள் கைநாட்டு வைத்தாள். இவையெல்லாம் தன்னைத்தான் சொன்னவை என்று அடுத்துச் சென்னியப்பன் கையெழுத்திட வேண்டும்.

“இது இங்கயே கெடக்குமுங்களா?” என்று கேட்டான் சென்னியப்பன்.

“ரிக்கார்டாச்சே. சர்க்கார் இருக்கற வரைக்கும் கிடக்கும்.”

“நாளைக்கு என்ற பேரனுக்குப் போலீசு வேலை கெடைச்சா படிப்பானுங்களே. கேசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க. மடையை இப்பவே தொறந்துடறேன்.”

ஏட்டு நிம்மதியாக மூன்று தாளையும் கிழித்துக் கூடையில் போட்டார்.

தண்ணீர் வந்தது, பயிர் பிழைத்தது. சென்னியப்பனோடு அடுத்த மாதமே பேசினாள். ஏட்டைச் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏன் என்று கேட்டவர்களிடம் சீறினாள்.

“அத்தனையும் வரிசையா எழுத்துல நின்னுதுங்க. கிழிச்சுப்போட்டான். அந்தாளுக்கு ஒரு வார்த்தைகூடச் செலவழிக்க மாட்டேன்.”